எடை பார்த்துக் கொடுக்கும் கூலி

அரிசியை நிறுத்து விற்கிறார்கள். ஆட்டிறைச்சியை நிறுத்து விற்கிறார்கள். பழைய இரும்பையும் காகிதத்தையும்கூட நிறுத்துத்தான் வாங்குகிறார்கள். இவற்றில் குற்றமில்லை. ஆனால் உழைக்க வந்த மனிதரைத் தராசில் ஏற்றி, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து வேலை கொடுப்பதும், அம்முள் சற்றே நகர்ந்தால் கொடுத்த வேலையைப் பறிப்பதும் எந்தச் சந்தையின் வழக்கம்? இக்கேள்வியை வேடிக்கைக்காக நாம் எழுப்பவில்லை. நம் நாட்டிலேயே, அரசுக்குச் சொந்தமாயிருந்த ஒரு நிறுவனத்திலேயே இது நடந்தது.

2009-ஆம் ஆண்டு ஜனவரியில் ஏர் இந்தியா நிறுவனம் தன் விமானப் பணிப்பெண்கள் 10 பேரை வேலையிலிருந்து நீக்கிற்று. திருடினார்கள் என்றன்று, பயணிகளை அவமதித்தார்கள் என்றுமன்று, எடை மிகுந்துவிட்டார்கள் என்று. அதற்கு முன்னரே, எடையைக் காரணம் காட்டித் தம்மைப் பறக்கவிடாமல் தரையில் நிறுத்தியதை எதிர்த்துப் பணிப்பெண்கள் டெல்லி உயர்நீதிமன்றம் சென்றிருந்தனர். 2008-இல் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. 2015-இலும் அதே நிறுவனத்தில் 100-க்கும் மேற்பட்ட பணியாளர்களின் பெயர் எடைக் கணக்கில் சிக்கி வெளிவந்தது. விமானப் பணி நம் பெண்மக்களுக்கு உகந்ததா என்று கேட்டு இப்பேச்சைத் திசைதிருப்ப முனையும் அன்பர்கள் உண்டு. அது வேறு விவாதம். அநீதிக்கு ஆளானவர் நம் விருப்பத்திற்கு ஏற்ற தொழில் செய்பவர்தாமா என்று பார்த்து நியாயம் பேசுவது மார்க்கம் அறிந்தோர் வழியன்று.

நிறுவனம் சொன்ன காரணம் என்ன? பயணிகளின் பாதுகாப்பு, பணியாளரின் உடல்நலம். கேட்பதற்கு நல்ல சொற்கள்தாம். ஆகவே அவற்றைச் சற்றே உரைத்துப் பார்ப்போம். விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2014-இல் ஒரு விதி வகுத்தது. ஒருவரின் எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் எழுதி, அவ்வுயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுத்தால் வரும் எண்ணைப் பி.எம்.ஐ. என்பர். அவ்வெண் ஆண் பணியாளருக்கு 18 முதல் 25 வரை இருக்கலாம். பெண் பணியாளருக்கு 18 முதல் 22 வரைதான் இருக்கலாம் என்பது அவ்விதி. 160 செ.மீ. உயரமுள்ள ஆண் 64 கிலோ வரை இருந்தால் தகுதியுடையவர். அதே உயரமுள்ள பெண் 56 கிலோவைத் தாண்டி 57-ஐத் தொட்டால் தகுதி குறைந்தவர்! உலக சுகாதார நிறுவனம் நலமான எடைக்குச் சொல்லும் பொது எல்லை 18.5 முதல் 24.9 வரை, ஆசிய மக்களுக்கு 23-லிருந்தே எச்சரிக்கை வேண்டும் என்றும் அந்நிறுவனத்தின் வல்லுநர் கூறியிருக்கின்றனர். இரண்டிலும் ஆணுக்கோர் எல்லை, பெண்ணுக்கோர் எல்லை என்பதில்லை. பிறகு இந்த 8 கிலோ வேறுபாடு எங்கிருந்து வந்தது? விமானம் விபத்துக்குள்ளாகி அவசர வாயில் திறக்கும்போது, அவ்வாயில் ஆணுக்கு அகன்றும் பெண்ணுக்குக் குறுகியும் கொடுக்குமோ? பாதுகாப்பு என்ற திரையை விலக்கினால் உள்ளே நிற்பது அழகுப் பார்வை. பயணியின் கண்ணுக்குப் பெண் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதே அங்கு நிறுக்கப்பட்ட சரக்கு.

இதே ஏர் இந்தியா முன்னொரு காலத்தில் வேறு விதிகளையும் வைத்திருந்தது. பணிப்பெண்ணுக்கு 35 வயதானால் ஓய்வு. பணியேற்ற 4 ஆண்டுக்குள் திருமணம் செய்தால் விலக வேண்டும். முதன்முறை கருவுற்றால் விலக வேண்டும். 1981-இல் உச்சநீதிமன்றம் கருவுற்றால் வேலை போகும் என்ற விதியைச் செல்லாதென அடித்தது; திருமண விதியை நிற்கவிட்டது. வயதும், திருமணமும், கருவும், எடையும் ஒரே கயிற்றில் கோத்த மணிகள் என்பதை இவ்வரலாறு அறிந்தவர் உணர்வர். அமெரிக்காவிலும் இக்கதை உண்டு. அங்கே யுனைடெட் விமான நிறுவனம் 1980 முதல் 1994 வரை பெண்களை நடுத்தர உடற்கட்டு அட்டவணையாலும், ஆண்களைப் பெரிய உடற்கட்டு அட்டவணையாலும் அளந்தது. அது பாகுபாடே என்று 2000-இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று கூறிற்று. 14 ஆண்டுகள் நடந்த அளவைக்கு நியாயம் சொல்ல மேலும் 6 ஆண்டுகள்!

பி.எம்.ஐ. என்ற இந்த எண்ணின் பிறப்பையும் சொல்லிவிட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குவெட்லே என்னும் பெல்ஜியக் கணித அறிஞர், மக்கள் கூட்டத்தின் சராசரியை அறிய இக்கணக்கை வகுத்தார். தனி மனிதரின் நோயைக் கண்டறிவதற்கன்று. வேலைக்கு ஆள் தேர்வதற்கு அறவே அன்று. 1972-இல் ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்கர்தாம் இன்றைய பெயரை இதற்குச் சூட்டினார். தசை மிகுந்த மல்லனையும் கொழுப்பு மிகுந்த நோயாளியையும் இவ்வெண் பிரித்தறியாது. ஊரின் சராசரி காண வந்த கோலைக் கொண்டு ஒருத்தியின் உணவுத் தட்டை உடைக்கிறார்கள்.

வேலையைப் பறிப்பது ஒரு வகை. கூலியைக் குறைப்பது இன்னொரு வகை. பின்னது சத்தமின்றி நடப்பதால் கொடிது. ஜான் காலே என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நாட்டு வெள்ளையினப் பெண்களிடையே 65 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 30 கிலோ எடை வேறுபாட்டுக்கு 9 விழுக்காடு கூலி குறைவதைக் கண்டார். ஒன்றரை ஆண்டுப் படிப்பால் அல்லது மூன்றாண்டு அனுபவத்தால் கிடைக்கும் ஊதிய உயர்வுக்கு அது சமம் என்றும் கணக்கிட்டார். தமிழில் 'ஊதியம்' என்னும் சொல்லைப் பார்க்கும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. உடல் ஊதினால் ஊதியம் சுருங்குகிறதாம்!

2011-இல் டிமத்தி ஜட்ஜ், டேனியல் கேபிள் என்ற இருவர் அமெரிக்க, ஜெர்மானியத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து மேலும் வியப்பானதொன்றைச் சொன்னார்கள். பெண்களில் மிக மெலிந்தவருக்கே சம்பளம் மிகுதி. சராசரியிலிருந்து மெலிந்த பெண்ணுக்குக் கிடைக்கும் ஆதாயம் பெரிது. ஆண்களிடமோ இது தலைகீழ். மெலிந்த ஆணுக்குச் சம்பளம் குறைவு. எடை ஏற ஏற, பெரும் பருமன் என்னும் எல்லை வரை, சம்பளமும் ஏறுகிறது. ஆணின் தொந்தி அதிகாரத்தின் அடையாளம். பெண்ணின் சதை சோம்பலின் அடையாளம்! ஒரே சதைக்கு இரண்டு விலை.

இவை மேனாட்டு அலுவலகக் கணக்குகள். நம் மண்ணின் வயல்வெளிக்கு வந்தால் தராசு இன்னொரு பக்கம் சாய்கிறது. அனில் தியோலாலிகர் 1988-இல் தென்னிந்தியக் கிராமப்புறத் தொழிலாளரைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார். அன்றன்று உண்ட உணவின் அளவு கூலியை அசைக்கவில்லை. உயரத்திற்கேற்ற எடை இருந்ததா என்பதே கூலியை ஏற்றியது, இறக்கியது என்பது அவர் முடிவு. நீண்ட காலப் பசியால் மெலிந்தவருக்குக் கூலி குறைவு; கூலி குறைந்ததால் அவர் மேலும் மெலிவார்; மெலிந்ததால் மறுநாள் அழைக்கவும் மாட்டார்கள். இச்சுழலை 1986-இல் பார்த்த தாஸ்குப்தாவும் தேப்ராஜ் ராயும் பொருளாதார மொழியில் விளக்கியிருக்கின்றனர். கூலிக்களத்தில் காத்து நின்று, ஆளைப் பொறுக்கும் கண்ணில் படாமல் வீடு திரும்பிய ஏழைக்கு அவ்விளக்கம் வேண்டியதில்லை.

ஆக, வயலில் மெலிந்தவன் தண்டிக்கப்படுகிறான். கண்ணாடிக் கட்டடத்தில் பருத்தவள் தண்டிக்கப்படுகிறாள். எடுத்துக்கொள்ளும்போது நிறைய அளந்து, கொடுக்கும்போது குறைத்து அளப்போரைத் திருமறை ஒரு தனி அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே கண்டிக்கிறது. அதன் பெயரான 'முதஃப்ஃபிஃபீன்' என்ற சொல், அற்பம் என்னும் பொருள் தரும் 'தஃபீஃப்' என்பதோடு உறவுடையது என்பார் மொழி நூலார். அதாவது, அளவைத் திருடர் எடுப்பது கைப்பிடி அற்பந்தான். ஆயினும் கேடு அவருக்கு. கூலி கொடுப்போர் அதிகாரிக்கு ஓர் அளவுகோல், எழுத்தருக்கு ஓர் அளவுகோல், ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று வைத்திருப்பதற்கு இப்பெயரைவிடப் பொருந்தும் பெயர் நமக்குத் தெரியவில்லை.

ஃபிக்ஹுக் கலையில் கூலி ஒப்பந்தத்தை 'இஜாரா' என்பர். அதன் இலக்கணம் யாது? அறியப்பட்ட பயனை அறியப்பட்ட ஈட்டுக்குப் பெறுவது. பெறப்படுவது பயன், உடலன்று. உடலை வாங்குவது அடிமைச் சந்தை. அங்கேதான் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள், தோளைத் தட்டிப் பார்த்தார்கள். ஒருவருக்கே உரிய பணியாளராகக் குறித்த காலத்திற்குத் தம்மை ஒப்படைத்தவர் அந்த ஒப்படைப்பாலேயே கூலிக்கு உரியவராகிறார் என்று ஹனஃபீ நூல்கள் கூறும். தொகை பேசாமல் வேலை வாங்கிவிட்டால், ஒத்த வேலைக்கு உரிய கூலியைத் தன்னலமற்ற வல்லுநர் மதிப்பிட வேண்டும் என்று துருக்கியப் பேரரசின் 'மஜல்லா' சட்டத் தொகுப்பு விதிக்கும். தன்னலமற்ற வல்லுநர் என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். முதலாளியின் கண் வல்லுநருமன்று, தன்னலமற்றதுமன்று.

இங்கே நம்மவரே சிலர் கித்தாபைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்பதை அறிவோம். கூலிக்கு அமர்த்தச் சிறந்தவர் வலிமையும் நம்பகமும் உடையவரே என்று மத்யன் ஊர்ப் பெரியவரின் மகள் கூறியதைத் திருமறை எடுத்துரைக்கிறதே என்பார்கள். ஆம், உரைக்கிறது. ஆனால் அப்பெண் வலிமையை எதனால் அறிந்தார்? மூஸா நபி (அலை) அவர்கள் கூட்டத்தினிடையே புகுந்து ஆடுகளுக்கு நீர் புகட்டியதால் அறிந்தார். செயலைக் கண்டார், தராசைத் தேடவில்லை. அன்று அந்நபியின் நிலை என்ன? எகிப்திலிருந்து தப்பி வந்த நெடு வழியில் தழைகளையே உண்டு, வயிறு முதுகோடு ஒட்டிப் பசித்திருந்தார்கள் என விரிவுரையாளர் எழுதுகின்றனர். விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் கோலால் அளந்திருந்தால் அவர்கள் 18 என்ற கீழெல்லையைத் தொட்டிருப்பார்களா என்பதே ஐயம்!

தாலூத்துக்கு அறிவிலும் உடலிலும் விரிவு அளிக்கப்பட்டதாக வரும் வசனத்தையும் காட்டுவர். செல்வம் இல்லாதவன் எவ்வாறு எங்களை ஆள்வான் என்று கேட்ட புறத்தோற்ற வணக்கக்காரருக்கு அளிக்கப்பட்ட மறுமொழி அது. அங்கும் அறிவு முன்னே, உடல் பின்னே. அதுவும் ஜாலூத்தோடு பொருதப் போகும் படைக்குத் தலைவர்! கணக்கெழுதும் குமாஸ்தாவுக்கும், துணி மடிக்கும் பெண்ணுக்கும் எந்த ஜாலூத் காத்திருக்கிறான்? அப்போரில் ஜாலூத்தை வீழ்த்தியவர் தாவூத் (அலை) அவர்களே அன்றி, உடல் விரிவு அளிக்கப்பட்ட தாலூத் அல்லர் என்பதையும் அவர்கள் மறந்துவிடுவர்.

பிற்காலத்தாரிடம் பருமன் தோன்றும் என்று எச்சரிக்கும் நபிமொழியை வைத்துப் பருத்தவர் அனைவரையும் பழிப்பவரும் உளர். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதற்கு எழுதிய விளக்கம் தெளிவானது: தேடிச் சேர்த்துக்கொண்ட பருமனே பழிக்கப்பட்டது, படைப்பிலேயே அவ்வாறு அமைந்தவர் இதில் அடங்கார். இன்றைய மருத்துவம் இவ்விளக்கத்தை மேலும் அகலமாக்கியிருக்கிறது. பரம்பரை, தைராய்டுக் குறை, மகப்பேறு, ஸ்டீராய்டு மருந்து, இன்சுலின், இரவுப் பணியால் கெட்ட உறக்கம் என எத்தனையோ காரணங்களால் உடல் பருக்கிறது. வயிற்றின் மூன்றிலொரு பகுதி உணவுக்கு என்ற நபிமொழியோ உண்பவருக்குச் சொன்ன நல்லுரை. முதலாளியின் கையில் கொடுத்த சாட்டையன்று.

பெருமானார் (ஸல்) அவர்களின் இல்லத்திலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் கனத்த உடலும் மெதுவான நடையும் உடையவர்கள். முஸ்தலிஃபாவில் கூட்டம் நெருக்குமுன் தாம் புறப்பட்டுவிட அனுமதி கேட்டார்கள், அனுமதி கிடைத்தது. தாமும் அவ்வாறு கேட்டிருக்கலாமே என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பின்னர் ஏங்கியதை புகாரீ பதிவு செய்திருக்கிறார். ஹஜ் என்னும் பெருங்கடமையின் ஒழுங்கே ஒருவரின் உடலுக்காகச் சற்று இளகிக் கொடுத்தது. ஒழுங்குக்காக அவ்வுடல் விலக்கப்படவில்லை. அன்னை ஆயிஷா அவர்களோடு நபியவர்கள் ஓடிய இரு ஓட்டங்களும் அறிந்ததே. முதலாவதில் அன்னை வென்றார்கள். உடல் சதைபிடித்த பின் நடந்த இரண்டாவதில் நபியவர்கள் வென்று, முன்னதற்கு இது ஈடாயிற்று என்றார்கள். இல்லறத்தின் இனிய நகைச்சுவை அது. அங்கே இழிவின் நிழல்கூட இல்லை.

மெலிந்தவரின் பக்கமும் உண்டு. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் குட்டையானவர்கள்; கணுக்கால்கள் குச்சி போன்றவை. மிஸ்வாக்குக் குச்சி ஒடிக்கும்போது காற்றில் ஆடை விலகிக் கால்கள் தெரிய, கண்டோர் சிரித்தனர். மறுமைத் தராசில் அக்கால்கள் உஹது மலையினும் கனமானவை என்று நபியவர்கள் அச்சிரிப்பை அடக்கினார்கள். பின்னாளில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கூஃபா நகருக்கு ஆசிரியராகவும் பைத்துல்மால் பொறுப்பாளராகவும் அவர்களையே அனுப்பினார்கள். கருவூலத்தின் சாவியை எடை பார்த்தா கொடுத்தார்கள்?

தோற்றத்தால் வேலை இழந்தவரும் நம் வரலாற்றில் இல்லாமலில்லை. அரபு உரைநடையின் தந்தையரில் ஒருவரான ஜாஹிழைத் தம் பிள்ளைகளுக்கு ஆசிரியராக்க அழைத்த கலீஃபா முதவக்கில், முகத்தைக் கண்டதும் மனம் மாறி, 10,000 திர்ஹம் கொடுத்துத் திருப்பி அனுப்பினார் என்று நூல்கள் கூறும். இன்றைய முதலாளிமார் அந்த 10,000-ஐயும் கொடுப்பதில்லை, அவ்வளவே வேறுபாடு.

உடல்வலிமை வேண்டும் வேலைகள் இல்லையா என்று நியாயமாகக் கேட்பவருக்கு நம் விடை: உண்டு. தீயணைப்போர், சுமை தூக்குவோர், கடலில் இறங்குவோர் ஆகியோருக்கு வலிமை வேண்டும். எனில் அவ்வேலையையே செய்யச் சொல்லிப் பாருங்கள். கதவைத் திறக்கிறாரா? ஏணியில் ஏறுகிறாரா? மூட்டையைத் தூக்குகிறாரா? தேறினால் அவர் எத்தனை கிலோ என்பது உங்களுக்கு எதற்கு? தேறாவிட்டால் 56 கிலோவும் அவரைக் காப்பாற்றக் கூடாது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் 1976-இலேயே உயரமும் எடையும் வேலை மறுக்கக் காரணமாகா என்று சட்டம் செய்தது. நியூயார்க் நகரம் 2023-இல் பின்தொடர்ந்தது. டென்மார்க்கில் பிள்ளைகளைப் பராமரித்த ஒருவர் பருமனால் வேலை இழந்ததாகத் தொடுத்த வழக்கில், பருமன் ஒருவரின் தொழிலை நெடுங்காலம் தடுக்குமாயின் அது உடற்குறையாகக் கருதப்படலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் கூறிற்று. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 21 வகைகளை எண்ணுகிறது. பருமன் அதில் இல்லை.

சட்டம் வரும்வரை நம் சமுதாயம் கைகட்டி நிற்க வேண்டுமா? நம் வணிகர் நடத்தும் ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் 'நல்ல தோற்றமுடைய' பெண்கள் தேவை என்று அறிவிப்புப் பலகை தொங்குகிறது. அச்சொல்லின் பொருளைப் பலகையில் எழுதாவிட்டாலும், நேர்காணலுக்கு வந்து திரும்பும் பெண்கள் அறிவார்கள். ஜமாஅத்துகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இமாம் தேவை என்று கூடும் நிர்வாகத்தினர் கிராஅத்தைக் கேட்கும் முன் ஆளை ஏற இறங்கப் பார்ப்பதை நாம் நெடுங்காலமாகக் கண்டு வருகிறோம். மெலிந்தவரானால் மிம்பரில் எடுபடமாட்டார் என்பர். பருத்தவரானால் ஃபாத்திஹாச் சோற்றில் வளர்ந்தவர் என்று காதோடு காதாகச் சிரிப்பர். குடும்பம் நடத்தப் போதாத சம்பளத்தைக் கொடுத்து, மீதியை முறை வைத்து வீட்டுச் சாப்பாடாக அனுப்பியவர்களே பின்னர் அவர் வயிற்றை அளக்க வந்துவிடுகிறார்கள்! சோற்றைக் கூலியாக்கியது யார்?

கடைகளில் நாள் முழுதும் நின்றே வேலை செய்யும் பெண்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று கேரளம் 2018-இலும், தமிழ்நாடு 2021-இலும் கடைகள் சட்டத்தைத் திருத்தின. கனத்த உடலுடையவருக்கு நிற்பதன் வேதனை இருமடங்கு. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஒரு முக்காலி கிடைத்தால் அவர் வேலையில் நிலைப்பார், கிடைக்காவிட்டால் மூட்டுவலியோடு தானே விலகுவார். விலக்கியதாக எவரும் எழுதவும் மாட்டார். பெருநாள் துணி எடுக்கச் செல்லும் வாசகர்கள் நம்மவர் கடைகளில் அந்த முக்காலி எங்கே இருக்கிறது என்று முதலாளியிடமே கேட்கட்டும். அறிவிப்புப் பலகையில் அந்த இரண்டு சொற்கள் எதற்கு என்றும் கூடவே கேட்கட்டும்.